உளநலக் கேள்வி-பதில்: "அம்மா, கேஸை மூடிவிட்டீர்களா?"

மகளுக்கு 17 வயது. கேஸ் சிலிண்டர் மூடியிருக்கிறதா என்று இரவில் பத்துப் பதினைந்து தடவை எழும்பிப் பார்க்கிறாள். என்னிடமும் கேட்கிறாள், "மூடியாயிற்று" என்று நான் சொன்னால்தான் படுப்பாள். மூன்று மாதம் உளவளத்துணைக்குப் போயும் மாற்றமில்லை. – தாய், வெள்ளவத்தை

கடிதத்தை வைத்து நோயை உறுதிப்படுத்த முடியாது, அம்மா. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது எண்ணச் சுழற்சி நோய் போலத் தெரிகிறது. மருத்துவர்கள் ஓசிடி என்பார்கள். இதற்கு ஆறுதலாகப் பேசுவது மட்டும் போதாது. பயத்தை எதிர்கொள்ள வைத்து, சரிபார்க்கும் பழக்கத்தைத் தடுக்கும் சிகிச்சை வேண்டும். 1966இல் லண்டனில் விக்டர் மேயர் இரண்டு நோயாளிகளிடம் தொடங்கிய வழி இது. இன்றும் முதலில் பரிந்துரைக்கப்படும் உளவியல் சிகிச்சை இதுதான்.

இந்தச் சிகிச்சையில் மகள் ரெகுலேட்டரை ஒரே ஒரு தடவை மூடுவாள், ஒரு தடவை பார்ப்பாள், சமையலறையை விட்டு வெளியே வருவாள். நெஞ்சு படபடக்கும், கால் தானாகத் திரும்பப் பார்க்கும். போகாமல் உட்கார்ந்திருந்தால் அந்தப் பதற்றம் மெல்ல மெல்லத் தானாகவே இறங்கும். இறங்கும் என்பதை அவளது உடம்பே கற்றுக்கொள்ள வேண்டும். நாம் சொல்லிக் கொடுக்க முடியாது. வழக்கமாக 12 முதல் 20 அமர்வுகள் ஆகும்.

உங்கள் "மூடியாயிற்று" ஐந்து நிமிடம் வேலை செய்யும் மருந்து. ஆறாவது நிமிடத்தில் அவளுக்கு அது மறுபடி தேவைப்படும். ஆனால் இன்றிரவே அதை நிறுத்திவிடாதீர்கள். மகளும் சம்மதித்து, சிகிச்சையாளரின் திட்டப்படி படிப்படியாகக் குறையுங்கள். அடுத்த சிகிச்சையாளரிடம் போகும்போது, "பயத்தை எதிர்கொள்ள வைக்கும் இந்த முறையில் பயிற்சி பெற்றிருக்கிறீர்களா?" என்று நேரே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல, உங்கள் உரிமை.

பெயர்ப்பலகையில் பட்டங்கள் நிறைய. யார் உண்மையில் தகுதி உள்ளவர்? – வாசகர், கொட்டாஞ்சேனை

மனநல வைத்தியர் மருத்துவம் படித்தவர், மாத்திரை எழுதுவார். மருத்துவ உளவியலாளர் மாத்திரை எழுதமாட்டார். நோயை மதிப்பிட்டு, பேச்சாலும் பயிற்சியாலும் சிகிச்சை அளிப்பார். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இதற்கென முதுதத்துவமாணிப் பட்டம் இருக்கிறது. மேற்பார்வையின் கீழ் நோயாளிகளைப் பார்ப்பது அந்தப் படிப்பின் முக்கிய பகுதி. இலங்கை மருத்துவ சபையில் பதிவு உண்டா என்று கேளுங்கள். சில மாத டிப்ளோமாவோடு "உளவியல் நிபுணர்" என்று பலகை மாட்டுவோரைக் கண்டால் எனக்குக் கோபமே வருகிறது. நல்ல உளவளத்துணையாளர்களின் பெயரையும் சேர்த்துக் கெடுக்கிறார்கள்.

அலுவலகத்தில் நாள் முழுவதும் ஆங்கிலம்தான் பேசுகிறேன். சிகிச்சைக்குத் தமிழ் தேவையா? – 29 வயது, பம்பலப்பிட்டி

எந்த மொழியில் அழுவீர்களோ அந்த மொழி தேவை. பயிற்சிக் காலத்தில் நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். ஒரு வயதான அம்மாவிடம் வினாத்தாளை வைத்துக்கொண்டு, "மனச்சோர்வு இருக்கிறதா?" என்று கேட்டேன். "இல்லை" என்றார். கவலையும் இல்லை என்றார். தாளை மூடும்போது, "ஒரே யோசனைதான் பிள்ளை" என்று முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார். எங்கள் பேச்சில் யோசனை என்றால் சிந்தனை மட்டுமல்ல. தூக்கத்தைத் தின்னும் கவலையும் அதுதான். எனது வினாத்தாளில் அந்தச் சொல்லே இல்லை. மனத்துயரைத் தமிழர் எந்தச் சொற்களில் சொல்கிறார்கள் என்பதையே எனது ஆய்வுத் துறையாக்கிக்கொண்டது அந்த அம்மாவால்தான்.

மகன் காணாமற்போய்ப் பல வருடங்கள். மாமி இன்னும் இரவில் ஒரு தட்டுச் சோறு மூடி வைக்கிறார். இது மனநோயா? – மருமகள், தெஹிவளை

இல்லை, மகளே. உடலைக் கண்டு, கொள்ளி வைத்து, எட்டுச் செலவு, அந்தியேட்டி முடித்தவர்களின் துக்கத்துக்கு ஒரு வழி இருக்கிறது. உங்கள் மாமிக்கு அந்த வழி மறுக்கப்பட்டது. அமெரிக்க ஆய்வாளர் போலீன் பாஸ் 1970களில் இதற்கு "தெளிவற்ற இழப்பு" என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். ஆள் இல்லை, இழப்பும் உறுதியாகவில்லை. கோளாறு அவரது மனத்தில் இல்லை, அவரை வைத்திருக்கும் நிலைமையில் இருக்கிறது.

ஆகவே, "இனி வரமாட்டான், ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று யாரும் சொல்ல வேண்டாம். அப்படிச் சொல்வது, தாயே மகனைக் கொன்றுவிடு என்று கேட்பதுபோல் அவர் காதில் விழும். வரலாம், வராமலும் போகலாம் என்ற இரண்டையும் ஒன்றாகச் சுமந்துகொண்டு வாழப் பழக்குவதுதான் சிகிச்சையின் வேலை. மகனின் கதையை அவர் சொல்லட்டும், நீங்கள் கேளுங்கள். அவரைப் போன்ற தாய்மாருடன் உட்காரவும் வழி செய்யுங்கள். ஆனால் அவர் சாப்பிடாமல், எழும்பாமல், வாழ்வே வேண்டாம் என்று பேசினால் தாமதிக்காமல் அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

சோற்றுத் தட்டை எடுத்துவிடாதீர்கள்.

மூன்று வாரத்தில் சுகமாகிவிட்டது. மாத்திரையை நிறுத்தலாமா? – வாசகி, கொச்சிக்கடை

நீங்களாக நிறுத்த வேண்டாம். மனச்சோர்வுக்கான மாத்திரை என்றால், குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வதே வழக்கம். எழுதித் தந்த வைத்தியரிடமே கேளுங்கள். குறைப்பதென்றாலும் அவர்தான் படிப்படியாகக் குறைப்பார்.