மந்திரச் சிறுமி அனிமே: கேள்வி-பதில்

என் மகளுக்கு ஏழு வயது. மந்திரச் சிறுமி அனிமே பார்க்க ஆசைப்படுகிறாள். எதில் தொடங்கலாம்?

கார்ட்கேப்டர் சக்குரா. யோசிக்கவே வேண்டாம். 1998 முதல் 2000 வரை ஜப்பானில் ஒளிபரப்பான அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடர் இது. கிளாம்ப் என்ற பெண் ஓவியர் குழுவின் மாங்காவிலிருந்து (ஜப்பானியச் சித்திரக்கதை) வந்தது. நாலாம் வகுப்புப் படிக்கும் சக்குரா ஒரு பழைய புத்தகத்தைத் திறந்து, உள்ளே இருந்த மந்திரச் சீட்டுகளை ஊரெங்கும் பறக்கவிட்டுவிடுகிறாள். அவற்றை ஒவ்வொன்றாகப் பிடிப்பதுதான் கதை. உலகத்தை அழிக்கக் கிளம்பிய அரக்கன் யாரும் கிடையாது. மழை, நிழல், உறக்கம் என்று ஒவ்வொரு சீட்டுக்கும் தனிக் குணம், தனிச் சேட்டை.

எனக்கு இந்தத் தொடரில் மிகவும் பிடித்தது சக்குராவின் வீடு. அவளுக்கு மூன்று வயதாக இருந்தபோதே அம்மா இறந்துவிட்டார். அப்பா, அண்ணன், சக்குரா மூவரும் சமையலையும் வீட்டு வேலைகளையும் முறை வைத்துச் செய்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் அம்மாவின் படம் இருக்கும்; காலையில் அதற்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உட்காருவாள். அடுத்த நிமிடம் அண்ணன் அவளைப் பூதம் என்று கேலி செய்வான், இவள் அவன் காலை ஓங்கி மிதிப்பாள். இழப்பை மறைக்கவும் இல்லை, அதை வைத்து நம்மை அழவைக்கவும் இல்லை.

இரண்டு விஷயம். முழுத் தொடர் 70 அத்தியாயங்கள். அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக வெட்டி ஒட்டிய பதிப்பில் அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டியதுதான் ஒளிபரப்பானது, அதுவும் எட்டாவது அத்தியாயத்திலிருந்து. அதைத் தவிர்த்துவிடுங்கள். அப்புறம், வகுப்புத் தோழி ஒருத்திக்கு ஆசிரியர்மேல் ஈர்ப்பு இருப்பதாகச் சில காட்சிகள் வரும். கூட உட்கார்ந்து பார்த்தால் அங்கேயே பேசிவிடலாம்.

ஒவ்வொரு அத்தியாயத்திலும் சிறுமி மந்திர உடைக்கு மாறும் அதே உருமாற்றக் காட்சி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

ஒருமுறை நன்றாக வரைந்துவிட்டால் வாராவாரம் பயன்படுத்தலாம். காசும் மிச்சம், வரைபவர்களுக்கு நேரமும் மிச்சம். கையில் சுழலும் கோலும் பதக்கமும் கடைக்கு வரும் பொம்மைகள் என்பது இன்னொரு காரணம். குழந்தைகளோ அந்தக் காட்சிக்காகவே காத்திருப்பார்கள். சக்குராவுக்கு அப்படி மாயமாக உடை மாறாது. தோழி தொமோயோ புதுப்புது உடைகளைத் தானே தைத்துக் கொண்டுவந்து, போடவைத்து, வீடியோவும் எடுப்பாள்.

கோலை ஆட்டினால் எல்லாம் நடந்துவிடும் என்று பேரப்பிள்ளைகள் நினைத்துவிட மாட்டார்களா?

நியாயமான கவலை ஐயா. உங்களுக்கு நான் சொல்வது ஒஜமாஜோ தோரெமி என்ற தொடர். 1999இல் தொடங்கி, தோயி நிறுவனம் நான்கு ஆண்டுகள் தயாரித்தது. தான் விரும்பும் பையனிடம் பேசத் துணிச்சல் இல்லாத தோரெமி, மந்திரம் தெரிந்தால் நன்றாக இருக்குமே என்று ஏங்குபவள். ஒரு கடைக்காரப் பாட்டியைப் பார்த்து "நீங்கள் சூனியக்காரிதானே!" என்று சொல்லிவிடுகிறாள். அப்படி மனிதர் கண்டுபிடித்துச் சொன்னால் சூனியக்காரி பச்சைத் தவளை போல ஆகிவிடுவாள். அவளைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவர, தோரெமியே மந்திரம் கற்றாக வேண்டும்.

ஆனால் நோயைக் குணமாக்குவது, இறந்தவரை எழுப்புவது, பிறர் மனதை மாற்றுவது எல்லாம் தடைசெய்யப்பட்ட மந்திரங்கள். ஆக, பெரிய பிரச்சினை எதற்கும் கோல் உதவாது. தோரெமியின் தோழி அய்கோவின் பெற்றோர் பிரிந்து வாழ்கிறார்கள். அந்த வலி பல அத்தியாயங்களுக்குத் தொடர்கிறது. கடைசிப் பருவத்தில் கயோகோ என்றொரு மாணவி வருகிறாள். பள்ளிக்குப் போக ஆசைதான், வாசலை நெருங்கினால் உடம்பு ஒத்துழைக்காது. தோழிகள் கூடவே நடக்கிறார்கள், அவசரப்படுத்தாமல் காத்திருக்கிறார்கள். வகுப்பறைவரை வந்துசேர அவளுக்கு மாதக்கணக்கில் ஆகிறது. குழந்தைகள் தொடர் ஒன்றில் இவ்வளவு பொறுமையை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

அந்தப் பருவத்தின் 40ஆம் அத்தியாயத்தைப் பெரியவர்கள் தனியாகவே பார்க்கலாம். பின்னாளில் பெரிய திரைப்பட இயக்குநரான மமோரு ஹோசோதா இயக்கியது. கண்ணாடி ஊதும் தொழில் செய்யும் ஒரு சூனியக்காரியைத் தோரெமி சந்திக்கிறாள். அவளுக்கு வயதாவதில்லை, அதனால் எந்த ஊரிலும் நிலைத்திருக்க முடிவதில்லை.

என் மகன் ப்ரிக்யூர் பார்க்கிறான். 'பொம்பளைப் பிள்ளை கார்ட்டூன்' என்று உறவினர்கள் கிண்டல் செய்கிறார்கள்.

தாராளமாகப் பார்க்கட்டும். ப்ரிக்யூர் என்பது சிறுமிகள் உருமாறிக் கைகால்களால் சண்டை போடும் தொடர் வரிசை. 2004இல் வந்த முதல் ப்ரிக்யூரை இயக்கிய தைசுகே நிஷியோ, அதற்கு முன் டிராகன் பால் இஸட் இயக்கியவர். சண்டையில் அந்தக் கை தெரியும். 2023இல் வந்த தொடரில் சுபாசா என்ற பையனே நிரந்தர ப்ரிக்யூராக இருக்கிறான். பறக்க முடியாத பறவையினத்தில் பிறந்தவன். எப்படியாவது பறக்க வேண்டும் என்று விமானவியல் புத்தகங்களாகப் படித்துத் தள்ளுகிறான். கிண்டல் செய்யும் உறவினர்களையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

மடோகா மேஜிகா படங்கள் அழகாக இருக்கின்றன. எட்டு வயதுக்குக் காட்டலாமா?

வேண்டாம். அழகான முகங்களைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். மிகச் சிறந்த தொடர்தான், ஆனால் மூன்றாம் அத்தியாயத்திலேயே கொடூரமான மரணம் வருகிறது. பதினைந்து பதினாறு வயது ஆகட்டும்.

70 அத்தியாயம், 200 அத்தியாயம் எல்லாம் எங்களுக்கு முடியாது. சின்னதாக ஏதாவது?

லிட்டில் விட்ச் அகாடமியா. இலக்கணப்படி இது சூனியப் பள்ளிக் கதைதான், ஆனால் மனசு அதேதான். 2013இல் வந்த குறும்படம் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். துடைப்பத்தில் சரியாகப் பறக்கக்கூடத் தெரியாத அக்கோ என்ற பெண்ணை உங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிடித்துவிட்டால், 2017இல் வந்த 25 அத்தியாயத் தொடருக்குப் போங்கள்.