வெளிநாட்டில் பொய் வழக்கில் சிறை வைக்கப்பட்ட பத்திரிகையாளர், வெளியே வந்தபின் அந்த நாட்டின் மீதே வழக்குப் போட முடியுமா?

போடலாம், ஜெயிக்கவும் செய்யலாம். பணம் கைக்கு வருமா என்பது வேறு கதை. நான் வக்கீல் இல்லை, ஜேசன் ரெசாயன் வழக்கைச் செய்தியில் விடாமல் படித்து வந்தவன், அவ்வளவுதான்.

அமெரிக்கப் பத்திரிகையான வாஷிங்டன் போஸ்ட்டுக்கு ஈரான் தலைநகர் டெஹ்ரானில் நிருபர் அவர், அமெரிக்கக் குடிமகனும்கூட. 2014 ஜூலையில் மனைவியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். மனைவி சில மாதங்களில் வெளியே வந்துவிட்டார், இவருக்கு டெஹ்ரானின் எவின் சிறையில் 544 நாள். உளவாளியாம். ஈரானில் அவகாடோ (பட்டர் ஃப்ரூட்தான்) கிடைப்பதில்லையே, வளர்த்துப் பார்ப்போம் என்று 2010-ல் விளையாட்டாக இணையத்தில் நிதி கேட்டிருந்தார். விசாரித்தவர்களோ அவகாடோ என்றால் எதற்கான சங்கேத வார்த்தை, சொல் என்று குடைந்திருக்கிறார்கள். 2016 ஜனவரியில், ஈரான் அமெரிக்காவோடும் மற்ற நாடுகளோடும் போட்ட அணு ஒப்பந்தம் அமலுக்கு வந்த அதே நாளில் கைதிகள் பரிமாற்றத்தில் விட்டார்கள். பேரம் பேசத்தான் பிடித்து வைத்திருந்தார்கள் என்பது அந்தத் தேதியிலேயே தெரிகிறது.

அந்த அக்டோபரில் அவர், அம்மா, அண்ணன் மூவரும் அமெரிக்காவில் ஈரான் அரசு மீது வழக்குப் போட்டார்கள். சாதாரணமாக ஓர் அரசை இன்னொரு நாட்டுக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. ஆனால் பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் நாடு என்று அமெரிக்கா பட்டியலில் வைத்திருந்தால், அமெரிக்கரைப் பிணைக்கைதியாகப் பிடித்ததற்கும் சித்திரவதைக்கும் அங்கே வழக்குண்டு, ஈரான் 1984 முதல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஈரான் தரப்பில் யாருமே வரவில்லை. வராவிட்டாலும் ஆதாரத்தைக் காட்டினால்தான் தீர்ப்பு. 2019 நவம்பரில் கிட்டத்தட்ட 18 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது கோர்ட், அதில் 15 கோடி அபராதமாக.

ஈரானாவது கொடுப்பதாவது! இப்படித் தீர்ப்பு வாங்கியவர்களுக்கென்று அமெரிக்க அரசு ஒரு நிதி வைத்திருக்கிறது, பொருளாதாரத் தடையை மீறிய வங்கிகள் கட்டும் அபராதம் போன்ற பணம் அதில் சேரும். ஆயிரக்கணக்கானோர் பங்கு கேட்கும் பானை அது. நஷ்டஈட்டுக்கு மட்டும்தான் அதிலிருந்து தருவார்கள், அந்த 15 கோடி காகிதத்தோடு சரி.

இதுவும் பட்டியலில் உள்ள நாடு என்பதால் கிடைத்த வழி. எகிப்து அதில் இல்லை, அதனால் அங்கே சிக்கியவருக்கு இந்த வழியும் இல்லை. கெய்ரோவில் 2013 டிசம்பரில் பிடிபட்ட அல் ஜஸீரா நிருபர், ஆஸ்திரேலியரான பீட்டர் க்ரெஸ்டேயை 400 நாள் உள்ளே வைத்து 2015 பிப்ரவரியில் நாட்டைவிட்டு அனுப்பினார்கள். அப்புறம் ஆகஸ்டில், அவர் இல்லாமலேயே மறுவிசாரணையை முடித்து மூன்று வருடத் தண்டனை. அவரோடு பிடிபட்ட சக ஊழியர்கள் இருவருக்கும் அடுத்த மாதமே அதிபர் மன்னிப்பு வந்தது. க்ரெஸ்டேக்கு வரவில்லை.