பழைய உத்திரத்தில் சாப்பாட்டு மேசை: பலகை பிளக்காமல் இருக்க

கேள்வி: காரைக்குடி பக்கம் எங்கள் பழைய வீட்டின் பின்கட்டைப் பிரித்தபோது தேக்கு உத்திரங்கள் கிடைத்தன. மொட்டைமாடி ஷெட்டில் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கிறேன். வட்ட ரம்பம், டிரில், இழைப்புளி, உளிகள், நான்கு கிளாம்ப் இருக்கின்றன. 5 அடிக்கு 3 அடியில் ஆறு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை செய்ய ஆசை. ஆனால் இதே மரத்தில் மார்கழியில் செய்த டீப்பாய், சித்திரையில் நடுவே பிளந்துவிட்டது. பலகைகளை ஒட்டி, அடியில் சட்டம் கொடுத்து, நெருக்கமாக ஸ்குரூ போட்டு இறுக்கித்தான் செய்தேன். பசை சரியில்லையா, மரம் செத்துவிட்டதா?

பதில்: முதலில் டீப்பாயைக் கவிழ்த்து விரிசல் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். இரண்டு பலகை சேரும் கோட்டிலேயே நேராகத் திறந்திருந்தால் ஒட்டில் சந்தேகம் கொள்ளலாம். பலகையின் உடம்பிலேயே பிளந்திருந்தால் பசை தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டாவதுதான் நடந்திருக்கும். குற்றவாளி, ‘நெருக்கமாக ஸ்குரூ போட்டு இறுக்கி’ என்று நீங்கள் பெருமையாகச் சொன்ன அந்த வேலை.

வெட்டி எத்தனை வருடம் ஆனாலும் மரம் காற்றிலிருக்கும் ஈரத்தை வாங்கும், விடும். நூறு வருடத்து உத்திரமும் இதற்கு விலக்கல்ல. வாங்கும்போது அகலத்தில் உப்பும், விடும்போது அகலத்தில் சுருங்கும். நீளத்தில் கணக்கில் வராத அளவுக்குத்தான் மாறும். தேக்கு இந்த விஷயத்தில் சாது. பச்சை மரம் முற்றிலும் காயும் வரை, வருட வளையத்தின் போக்கில் 5 சதவீதத்துக்குச் சற்று மேல் சுருங்கும். மையத்திலிருந்து பட்டையை நோக்கிய போக்கில் அதில் பாதிதான். உங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கும் கத்திரி வெயிலுக்கும் நடுவே பலகையின் ஈரம் 4 சதவீதப் புள்ளி ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், 3 அடி அகலப் பலகை 6 மி.மீ. வரை மாறும்.

உங்கள் டீப்பாயின் அடியிலுள்ள சட்டத்தைப் பாருங்கள். பலகைக்குக் குறுக்கே, தன் நீளவாக்கில் கிடக்கிறது. அது சுருங்காது. மழைக்காலத்தில் உப்பியிருந்த பலகையை அதில் வரிசையாக ஸ்குரூ போட்டுப் பூட்டினீர்கள். கோடையில் பலகை சுருங்கப் பார்த்தது, சட்டம் விடவில்லை. அப்புறம் பிளப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. இதற்கு விடை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. பழைய பலகைக் கதவைக் கவனியுங்கள். நடுப்பலகை சட்டத்தின் காடியில், அதாவது நீளப் பள்ளத்தில், செருகி நிற்கும், ஒட்டியிருக்காது. செட்டிநாட்டு வீடுகளுக்குப் பர்மா தேக்கில் கதவு செய்த ஆசாரிகள், பலகை நகர இடம் விட்டுத்தான் செய்தார்கள். மேசைக்கும் அதேதான்: மேல்பலகை தூக்கவோ வளையவோ கூடாது, ஆனால் அகலவாக்கில் நகர வேண்டும்.

இனி மரம். உத்திரத்தை அறுவைக்குக் கொண்டுபோகும் முன் வலுவான காந்தம் ஒன்றை எல்லாப் பக்கமும் ஓட்டிப் பாருங்கள். ஓட்டுச் சட்டம் தாங்கிய உத்திரத்தில் ஆணி ஒளிந்திருக்கும். ஒரு ஆணி போதும், மில்காரர் பிளேடுக்கும் சேர்த்துக் காசு கேட்பார். ஆழத்தில் கிடப்பதைக் காந்தம் பிடிக்காமல் போகலாம். கருநீலக் கறை தெரிகிற இடத்தில் இரும்பு இருக்கிறது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். ஊசித்துளைகளும் மாவுபோலக் கொட்டும் தூளும் இருந்தால் வண்டு உள்ளே இருக்கிறது. அது பெரும்பாலும் பட்டையை ஒட்டிய வெளிர் மரமான வெள்ளையைத்தான் தின்னும். வெள்ளையை முழுக்கக் கழித்து, உள்ளே கெட்டியாக இருக்கும் வைரத்தை மட்டும் எடுங்கள்.

அளவு சொல்கிறேன். மேல்பலகை இழைத்து முடிந்தபின் 1 அங்குலம் நிற்க வேண்டும். எனவே 1¼ அங்குலமாக அறுங்கள். அகலம் 4 முதல் 6 அங்குலம் வரை. அதற்கு மேல் அகலமான ஒற்றைப் பலகை பார்க்க அழகு, ஆனால் குழிந்தால் சமாளிப்பது கஷ்டம். கால்கள் 2½ அங்குலச் சதுரம். பலகைக்கு அடியில் கால்களைச் சுற்றி இணைக்கும் மேல்சட்டம் 4 அங்குல அகலம், 1 அங்குலக் கனம். கழிவும் சேர்த்து 3 கன அடி கைவசம் இருந்தால் தாராளம். உத்திரத்தின் நட்டநடு மையம் வரும் துண்டை மேல்பலகைக்கும் காலுக்கும் எடுக்காதீர்கள், அது எப்படியும் வெடிக்கும். கால் கட்டையின் வெட்டுமுகத்தில் வளையங்கள் மூலைக்கு மூலை ஓடும்படி எடுத்தால், நான்கு பக்கமும் ரேகை நேராகத் தெரியும். இதை யாரும் கேட்டுச் செய்வதில்லை, செய்த மேசையைப் பார்த்தால் உடனே தெரியும்.

அறுத்ததும் இழைக்க உட்காராதீர்கள். பெரிய கட்டையைப் பிளக்கும்போது உள்ளே அடங்கியிருந்த இறுக்கம் விடுபட்டுப் பலகை கோணும், முறுக்கும். ஷெட்டுக்குள் வெயில் படாத இடத்தில், பலகைகளுக்கு நடுவே ஒன்றரை அடிக்கு ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து அடுக்கி, மேலே கனம் ஏற்றிச் சில வாரம் விடுங்கள். ஊசி வைத்த ஈரமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பலகையின் முனையில் அளக்காமல் நடுவில் அளக்க வேண்டும். 12 சதவீதத்தை ஒட்டி வந்து, அடுத்தடுத்த வாரங்களில் மாறாமல் நின்றால் வேலையை ஆரம்பிக்கலாம். மேசை ஏ.சி. அறைக்குள் போகப்போகிறது என்றால், கடைசியாகச் சில நாள் அந்த அறையிலேயே பலகைகளைப் போட்டு வையுங்கள்.

ஒட்டுவதற்கு முன் பலகைகளைத் தரையில் பரப்பி, இடம் மாற்றி மாற்றிப் பாருங்கள். வளையம் ஒன்று மேல்நோக்கி, ஒன்று கீழ்நோக்கி என்று மாற்றி வைத்தே ஆக வேண்டும் என்று சிலர் சட்டமாகச் சொல்வார்கள். நன்றாகக் காய்ந்த தேக்கில் அது அவ்வளவு முக்கியமில்லை என்பது என் கட்சி. நல்ல முகம் மேலே வரட்டும், ரேகை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இழுத்துக்கொண்டு போவதுபோல் சேரட்டும், இழைக்கும் திசை எல்லாப் பலகைக்கும் ஒன்றாக இருக்கட்டும். கடைசியாகச் சொன்னதை மறந்தால் ஒரு பலகையை இழைக்கும்போது பக்கத்துப் பலகை பிய்ந்து வரும்.

விளிம்பு சேர்ப்பதில் இழைப்புளிக்காரர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். சேரவேண்டிய இரண்டு பலகையையும் புத்தகத்தை மூடுவதுபோல் முகத்தோடு முகம் மடித்து, இரண்டு விளிம்பையும் சேர்த்தே இழையுங்கள். கை சற்றுச் சாய்ந்து கோணம் பிசகினாலும், விரித்து வைக்கும்போது ஒரு பக்கத்துப் பிசகு மறு பக்கத்துப் பிசகை அடித்துவிடும், பலகை மட்டமாகச் சேரும். பிறகு நடுப்பகுதியை மட்டும் இரண்டு மெல்லிய சீவல் கூடுதலாக எடுங்கள். ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் முனைகள் தொட்டு, நடுவில் தாள் அளவு வெளிச்சம் தெரிய வேண்டும். பலகையின் முனைகள்தான் முதலில் காய்ந்து சுருங்கும். அந்த இடத்தில் ஒட்டு திறக்காமல் இருக்க இந்தச் சின்ன முன்னேற்பாடு உதவும்.

தேக்கில் எண்ணெய்ப் பிசுக்கு உண்டு. புதிதாக இழைத்த அன்றே ஒட்டுங்கள். முடியாவிட்டால் தின்னர் நனைத்த துணியால் விளிம்பைத் துடைத்து, உலரவிட்டு ஒட்டுங்கள். சாப்பாட்டு மேசை என்பதால் தண்ணீர் தாங்கும் மரைன் ரகப் பெவிகால் நல்லது. ஒட்டின் நீளத்துக்கும் ஊசிமுனை அளவுக்குப் பசை முத்து முத்தாகப் பிதுங்கினால் போதும். கிளாம்ப் நான்கு போதாது, குறைந்தது ஆறு வேண்டும். ஒன்று மேலே, அடுத்தது கீழே என்று மாற்றி மாட்டாவிட்டால் பலகை வில்லாக வளையும். எல்லாப் பலகையையும் ஒரே மூச்சில் ஒட்டாமல், இரண்டு பாதியாக ஒட்டி, மறுநாள் இரண்டையும் சேருங்கள்.

கால்சட்டத்துக்கு வருவோம். மேல்சட்டத்தைக் காலோடு வெறும் ஸ்குரூவில் இணைத்தால் ஆறு மாதத்தில் ஆட ஆரம்பிக்கும். துளையும் கழுந்தும்தான் சரி: காலில் துளை, அதில் செருகும்படி சீவிய சட்டத்தின் முனைதான் கழுந்து. எப்போதும் துளையை முதலில் போடுங்கள், கழுந்தைப் பிறகு அதற்கேற்பச் சீவிச் சேர்க்கலாம்; சீவுவது எளிது, துளையைத் திருத்துவது கடினம். கழுந்தின் கனம் 10 மி.மீ., துளையின் ஆழம் 1¼ அங்குலம். டிரில்லால் வரிசையாகத் துளைத்து, உளியால் சுவரை நேராக்கினால் போதும். காலின் உச்சியிலிருந்து அரை அங்குலம் விட்டு ஆரம்பியுங்கள், இல்லாவிட்டால் மேல்விளிம்பு பிளக்கும். பக்கத்துப் பக்கத்துத் துளைகள் உள்ளே சந்திக்கும் என்பதால் கழுந்துகளின் முனையை 45 டிகிரியில் சாய்த்து அறுங்கள். கையால் அழுத்தினால் இறங்க வேண்டும், கவிழ்த்தால் விழக்கூடாது. கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) ஓங்கி அடித்தால்தான் இறங்குகிறது என்றால் கால் வெடித்துவிடும். ஒட்டியதும் மூலைக்கு மூலை இரண்டு குறுக்கு அளவும் ஒன்றா என்று டேப்பால் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பசை காயும் முன் கிளாம்பைச் சாய்த்துச் சரிசெய்யலாம்.

மொத்த உயரம் 30 அங்குலம். பலகையும் மேல்சட்டமும் 5 அங்குலம் எடுத்துக்கொள்ள, முழங்காலுக்கு 25 அங்குலம் மிஞ்சும். அதைக் குறைக்காதீர்கள்.

இப்போது டீப்பாய் பிளந்த அதே இடம்: பலகையைச் சட்டத்தில் மாட்டுவது. மேல்சட்டங்களின் உட்புறத்தில், மேல்விளிம்புக்கு அரை அங்குலம் கீழே, சுற்றிலும் ஒரு காடி எடுங்கள். மிஞ்சிய தேக்குத் துண்டுகளில் ‘எல்’ வடிவத்தில் பத்துப் பன்னிரண்டு சின்னக் கட்டைகள் வெட்டுங்கள். கட்டையின் நாக்கு காடிக்குள் போகும். அதன் உடம்பைப் பலகையில் ஸ்குரூ போட்டு நிறுத்துவீர்கள். ஸ்குரூ பலகைக்குள் இறங்கும், சட்டத்தைத் தொடாது. நாக்கு காடிக்குள் சறுக்கிக்கொண்டே பலகையைக் கீழே இழுத்துப் பிடிக்கும். ரேகை நாக்கின் நீளவாக்கில் ஓடும்படி வெட்டுங்கள், குறுக்கே ஓடினால் முதல் முறுக்கிலேயே நாக்கு உடையும்.

நீளச் சட்டங்களில் மாட்டும் கட்டைகளுக்குப் பருவம் பார்க்க வேண்டும். கோடையில் செய்தால் பலகை இனிமேல் உப்பும்; நாக்கை ஒட்டிய கட்டையின் தோள் சட்டத்தில் முட்டாமல் 4 மி.மீ. இடைவெளி விடுங்கள். மழைக்காலத்தில் செய்தால் பலகை சுருங்கி நாக்கைக் காடியிலிருந்து வெளியே, மேசையின் நடுப்பக்கம் இழுக்கும். இடைவெளி குறைவாகவும் நாக்கு ஆழமாகவும் இருக்கட்டும். குட்டைச் சட்டங்களின் நட்டநடுவில் மட்டும் ஒவ்வொரு ஸ்குரூ நேராகச் சட்டத்தின் வழியே ஏற்றிக்கொள்ளலாம். அப்போது அசைவு இரு பக்கமும் சமமாகப் பிரியும். வேறெங்கும் வேண்டாம். அழகுக்காகப் பலகையின் இரு முனையிலும் குறுக்குப் பட்டை வைக்கிறார்களே, அதை முழுக்க ஒட்டினாலும் டீப்பாய்க் கதைதான்.

வடிவம் கொடுப்பது கடைசி. கால்களின் வெளிப்புறத்தைத் தொடாமல், உட்புற இரண்டு முகங்களை மட்டும் மேல்சட்டத்துக்குக் கீழிருந்து பாதம் வரை சரித்து 1½ அங்குலமாகக் குறைத்தால் மேசை பாரமில்லாமல் நிற்கும். பலகையின் அடிவிளிம்பைச் சுற்றிலும் சாய்வாகச் சீவினால் 1 அங்குலப் பலகை முக்கால் அங்குலம்போலத் தெரியும், வலு குறையாது. மேல்விளிம்பில் கை உறுத்தாத அளவுக்கு வளைவு போதும். விளிம்பும் காடியும் வெட்டும் ரவுட்டர் மெஷின் கையில் கிடைத்ததும் பூவேலை செய்யத் தோன்றும், அந்தக் காடிகளில் சாம்பார் காய்ந்து உட்கார்ந்துகொள்ளும்.

உப்புத்தாள் 80, 120, 180, 220 என்று படிப்படியாகப் போகட்டும். 80 விட்ட கோடு 220-க்கு அழியாது, வார்னிஷ் ஏறியதும் பல்லிளிக்கும். தேக்குத் தூள் தோலையும் மூச்சையும் படுத்தும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. என்95 முகக்கவசம் இல்லாமல் உப்புத்தாளைத் தொடாதீர்கள்.

பூச்சுக்குப் பிரெஞ்சு பாலிஷ் வேண்டாம். அரக்கில் செய்வது அது. சூடான பாத்திரம் வைத்தால் வெள்ளை வளையம் விழும். எண்ணெய்ப் பூச்சு அழகு, ஆனால் அடிக்கடி திரும்பப் பூச வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் மங்கலான பளபளப்புள்ள பி.யூ. (பாலியூரிதேன்) பூச்சு நல்லது. பூசும் முன் தின்னரால் ஒருமுறை துடையுங்கள். பலகையின் அடிப்புறத்துக்கும் அதே எண்ணிக்கையில் பூச வேண்டும்; மேலே மட்டும் பூசினால் ஒரு பக்கம் ஈரம் வாங்கி மறுபக்கம் வாங்காமல் பலகை குழியும். எண்ணெய்தான் என்று முடிவெடுத்தால், துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூட்டைக் கக்கும். குவித்து வைத்த துணி தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். தண்ணீரில் நனைத்தோ, வெளியே கொடியில் ஒற்றை ஒற்றையாக விரித்தோ காயவிடுங்கள்.

பிளந்த டீப்பாயைத் தூக்கி எறிய வேண்டாம். ஸ்குரூக்களைக் கழற்றினாலே விரிசல் பாதி மூடிக்கொள்ளும். மீதிக்கு விரிசல் கோட்டிலேயே நேராக அறுத்து, விளிம்பை இழைத்து, மறுபடி ஒட்டுங்கள். சட்டத்தில் இருக்கும் ஸ்குரூத் துளைகளைப் பலகையின் அகலவாக்கில் நீளத் துளையாக அரத்தால் விரித்து, வாஷர் வைத்து மாட்டினால் இந்தச் சித்திரையைத் தாண்டும்.