சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி மெதுவாகத்தானே ஓடுகிறது, அப்புறம் எப்படிக் கவிழ்கிறது? எப்படித் தடுப்பது?

காரை மனதில் வைத்துப் பார்த்தால் இது புரியாது. ஃபோர்க்லிஃப்ட்டில் திரும்புவது பின்சக்கரங்கள். அதனால் வளைவில் பின்பக்கம் அகலமாக வீசும். பக்கத்தில் நிற்பவரை இடிப்பது அதுதான்.

நான்கு சக்கரம் இருந்தாலும் வண்டி நிலைத்திருப்பது ஒரு முக்கோணத்தின் மேல்: இரண்டு முன்சக்கரங்கள், பின் அச்சின் நடுப்புள்ளி. எடைமையம் அதைவிட்டு வெளியே போனால் சாய்ந்துவிடும். சுமையை உயரத் தூக்கியபடி திரும்புவது அதனால்தான் ஆபத்து. ஓடும்போது ஃபோர்க் (சுமையைத் தாங்கும் முன்பக்கக் கவைகள்) தரையிலிருந்து 15–20 செ.மீ. உயரத்தில் இருந்தால் போதும், மாஸ்ட் (ஃபோர்க்கை ஏற்றி இறக்கும் தூண்) சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கட்டும்.

வண்டியின் திறன் தகட்டில் 2 டன் என்று போட்டிருப்பதை அப்படியே நம்பக் கூடாது. அது குறிப்பிட்ட சுமைமையத்துக்கு, அதாவது ஃபோர்க்கின் செங்குத்து முகப்பிலிருந்து சுமையின் எடைமையம் வரை உள்ள தூரத்துக்கு மட்டும். பல வண்டிகளில் இந்தத் தூரம் 500 மி.மீ. ஆகும். பெட்டி அதைவிட நீண்டு எடைமையம் தள்ளிப்போனால் தூக்கும் திறன் குறையும்.

சரிவில் சுமை எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும், அதாவது இறங்குவது ரிவர்ஸில். ஆட்கள் நடக்க வெறும் மஞ்சள் கோடு போதாது, தடுப்புக் கம்பி வையுங்கள்.

சரி, கவிழவே ஆரம்பித்துவிட்டால்? குதிக்காதீர்கள். குதித்தவர் மேல்தான் மேற்கூரைச் சட்டம் விழும். பெல்ட்டைக் கழற்றாமல், ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, வண்டி விழும் திசைக்கு எதிர்ப்பக்கம் சாயுங்கள்.