ஒற்றை ஆள் கலத்தின் ஜன்னல்

அன்புள்ள ஐயா,

பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ராக்கெட் கட்டிப் பறக்கவிடும் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற கணினி விளையாட்டுக்காக, ஒருவர் மட்டும் போகக்கூடிய மிகச் சிறிய விண்கலம் ஒன்றை ப்ளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் நானே வரைந்துகொண்டிருக்கிறேன். எடையை 410 கிலோவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஜன்னலை எடுத்துவிட்டேன். கையால் இயக்கும் கட்டுப்பாடும் இல்லை, கணினியே பார்த்துக்கொள்ளும். உள்ளறையை வரையவே இல்லை, அதை யார் பார்க்கப் போகிறார்கள்? இன்னும் குறைக்க ஆசை. வெப்பக் கவசத்தைப் பாதியாக்கலாமா? வேகத்தைக் குறைத்துக் கீழே இறக்கும் ரெட்ரோ ராக்கெட் ஒன்று போதுமா? பாராசூட் ஒன்றா, இரண்டா? நண்பர்கள் இதை வெட்டி வேலை என்கிறார்கள். தமிழில் ஏன் யாரும் இதைப் பற்றியெல்லாம் எழுதுவதில்லை?

க.

அன்புள்ள க.,

வழக்கமாக இப்படிப்பட்ட கடிதங்களுக்குத் தனியாக இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுவேன். ஆனால் கொஞ்ச நாளாகவே, அமெரிக்கர்கள் முதன்முதலில் ஆளை அனுப்பிய மெர்க்குரி கலத்தின் பழைய வரைபடங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. "யார் பார்க்கப் போகிறார்கள்" என்ற அந்த ஒரு வரி என்னை உட்காரவிடவில்லை.

நண்பர்களை விடுங்கள். அவர்கள் அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் அடங்கிவிடுவார்கள். தமிழில் ஏன் எழுதுவதில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. நீங்கள் எழுதுங்கள்.

வெப்பக் கவசம். உங்கள் விளையாட்டின் கெர்பின் கோளுக்கு ஆரம் வெறும் 600 கி.மீ. தாழ்ந்த சுற்றுப்பாதையில் நொடிக்குச் சுமார் 2.3 கி.மீ. வேகம் இருந்தால் போதும். நிஜப் பூமியில் அது 7.8 கி.மீ. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதாவது ஒவ்வொரு கிலோவுக்கும் பத்து மடங்குக்கு மேல் தொலைத்தாக வேண்டும். கெர்பினில் கவசத்தைப் பாதியாக்குங்கள், ஒன்றும் ஆகாது. நிஜ அளவுப் பூமியைத் தரும் கூடுதல் நிரலை நிறுவி விளையாடுவீர்கள் என்றால் கை வைக்காதீர்கள்.

ரெட்ரோ விஷயத்தில் இரண்டு வழி உண்டு. அமெரிக்கர்கள் மெர்க்குரியில் மூன்று திட எரிபொருள் ராக்கெட்டுகளை வைத்தார்கள், ஒன்று எரியாவிட்டாலும் மற்ற இரண்டு இறக்கிவிடும். ரஷ்யர்கள் தங்கள் வஸ்தோக் கலத்தில் ஒரே ஒரு எஞ்சின்தான் வைத்தார்கள். அது எரியாவிட்டால் காற்றின் உராய்வே கலத்தை இழுத்துவிடும்படி தாழ்வான பாதையைத் திட்டமிட்டு, பத்து நாளுக்கு உணவும் வைத்தார்கள். (விண்வெளிக்குப் போன முதல் மனிதர் ககாரின் போன பாதை திட்டத்தைவிட உயர்ந்துவிட்டது. நல்லவேளை, எஞ்சின் எரிந்தது, பிழைத்தார்.) எடை குறைக்க உங்களுக்கு ரஷ்ய வழிதான் பிடிக்கும். அப்படியானால் அந்தப் பத்து நாள் சாப்பாட்டின் எடையையும் கணக்கில் சேருங்கள்.

சரி, இப்போது உள்ளறை.

நீங்கள் கலத்தை வெளியிலிருந்து பார்க்கிறீர்கள். உங்கள் கேமரா எப்போதும் கலத்துக்கு வெளியே மிதக்கிறது, மௌஸால் சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம். அங்கிருந்து பார்த்தால் ஜன்னல் வீண் எடைதான். உள்ளே இருப்பவனும் வீண் எடைதான். அவனையும் எடுத்துவிட்டால் இன்னும் எண்பது கிலோ குறையும், ஏன் விட்டுவைத்தீர்கள்? உங்கள் விளையாட்டில் கலத்தில் போகும் அந்தப் பச்சை மனிதர்களுக்குச் சாப்பாடு வேண்டாம், மூச்சு வேண்டாம். அதனால் உங்களுக்கு வசதியாகப் போயிற்று.

என் பெரியப்பா ஒரு ஃபவுண்டரியில் கிரேன் ஓட்டினார். கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடும் கிரேன், அதன் அடியில் தொங்கும் கேபின். ஒரு ஆள் உட்காரலாம். எழுந்து நிற்க முடியாது. கீழே உருகிய இரும்பு, அதன் அனல் முழுவதும் மேலே அவரைத் தேடித்தான் வரும். இருக்கையில் உட்கார்ந்தால் கொக்கி தெரியாது, கண்ணாடி அவ்வளவு மேலே. ஆகவே அவர் ஒரு காலை மடித்துப் போட்டு, உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்துத்தான் ஓட்டுவார். சிறுநீர் கழிக்க ஏணி வழியாக இறங்க வேண்டும். வார்ப்பு நடக்கும்போது இறங்க முடியாது. ஆகவே தண்ணீர் குடிப்பதில்லை. ஐம்பது வயதுக்குள் சிறுநீரகக் கல், இடுப்பு வலி. அந்தக் கேபினை வரைந்தவர் நல்ல பொறியாளராகத்தான் இருந்திருப்பார். கிரேன் ஒருநாளும் பழுதாகவில்லை. அவர் அதை வெளியிலிருந்து வரைந்தார், அவ்வளவுதான்.

இது ஏதோ ஊர்ப்புறத்து ஃபவுண்டரியின் கதை என்று நினைக்க வேண்டாம். 1961 மே 5 அன்று, விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கரான ஆலன் ஷெப்பர்ட் மெர்க்குரி கலத்தில் படுத்திருந்தார். பயணம் பதினைந்தே நிமிடம். பதினைந்து நிமிடத்தில் யாருக்குச் சிறுநீர் வரும்? ஒரு ஏற்பாடும் செய்யவில்லை. ஏவுதல் தள்ளிக்கொண்டே போனது, நான்கு மணி நேரத்துக்கு மேல் அப்படியே மல்லாந்து கிடந்தார். கடைசியில் விண்வெளி உடைக்குள்ளேயே போக வேண்டியதாயிற்று. அத்தனை வால்வுகளை யோசித்தவர்களுக்கு இது தோன்றவில்லை.

ஜன்னலும் அப்படித்தான். முதலில் அந்தக் கலத்தில் இரண்டு சிறிய வட்டத் துளைகளும் ஒரு பெரிஸ்கோப்பும் மட்டுமே. உள்ளே இருப்பவர் பயணி, எல்லாம் தானியங்கி. சண்டை போட்டு முகத்துக்கு மேலே சரியான ஜன்னல் வேண்டும் என்று வாங்கியவர்கள் விண்வெளி வீரர்கள்தான். அது குஸ் கிரிஸம் போன இரண்டாவது பயணத்திலிருந்து வந்தது. கண்ணாடிக்கு எடை உண்டு, கசியலாம், உடையலாம். பொறியாளர்கள் முணுமுணுத்ததில் நியாயம் இல்லாமல் இல்லை.

அப்புறம் 1963 மே மாதம் வருகிறது. அதே மெர்க்குரியில் கார்டன் கூப்பர் பூமியை 22 சுற்றுகள் சுற்றினார். கடைசிச் சுற்றுகளில் மின்சாரம் ஒவ்வொன்றாகக் கைவிட்டது. தானியங்கிக் கட்டுப்பாடு போயிற்று. கரியமில வாயு ஏறத் தொடங்கியது. அவர் ஜன்னல் கண்ணாடியிலிருந்த கோடுகளை அடிவானத்தோடு பொருத்திக் கலத்தின் சாய்வைச் சரிபார்த்தார். கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்தார். சக விண்வெளி வீரர் ஜான் கிளென் வானொலியில் எண்ணிக்கொடுக்க, ரெட்ரோவைக் கையாலேயே எரித்தார். பசிபிக்கில் மீட்புக் கப்பலிலிருந்து சுமார் ஆறரை கிலோமீட்டர் தள்ளி விழுந்தார். உங்கள் 410 கிலோ கலத்தில் அவர் இருந்திருந்தால்? கணினி போன பிறகு இருட்டில் ஒரு டப்பாவுக்குள் உட்கார்ந்திருப்பார்.

வஸ்தோக் முழுக்கத் தானியங்கிதானே என்பீர்கள். ஆமாம். கைக் கட்டுப்பாட்டைப் பூட்டி, திறக்கும் எண் 125 என்று எழுதி உறையில் வைத்து ஒட்டியிருந்தார்கள். ஆனால் அங்கேயும் ககாரினின் கால் பக்கம் ஒரு கண்ணாடி உண்டு. 'வ்ஸோர்' என்று பெயர். அதில் பூமி நகர்வதைப் பார்த்துக் கலத்தைத் திருப்பலாம். தானியங்கியை அவ்வளவு நம்பியவர்களே அதை எடுக்கவில்லை.

இன்னும் சிறியது வேண்டுமா? 1960களின் தொடக்கத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 'மூஸ்' என்று ஒன்றைத் திட்டமிட்டது. உயிர் தப்புவதற்கான சாதனம். வீரர் விண்வெளி உடையோடு ஒரு பிளாஸ்டிக் பைக்குள் நுழைந்துகொள்வார், பை முழுக்க நுரை நிரம்பிக் கெட்டியாகும், முதுகுப் பக்கம் மெல்லிய வெப்பக் கவசம், மார்பில் பாராசூட். எல்லாம் சேர்த்துச் சுமார் 90 கிலோ. உங்கள் 410 எந்த மூலை! சுவர் இல்லை, கதவு இல்லை, இருக்கை இல்லை. ஆனால் கண்ணால் பூமியைப் பார்த்து, ராக்கெட்டை அவரே கையால் எரிக்க வேண்டும். எல்லாவற்றையும் உதறியவர்கள் கண்ணையும் கையையும் மட்டும் உதறவில்லை. (நல்லவேளை, விண்வெளியிலிருந்து யாரும் அதில் இறங்கிப் பார்க்கவில்லை.)

ஆகவே நான் சொல்வது இதுதான். உள்ளறையை முதலில் வரையுங்கள். படுத்திருக்கும் ஆளை வரையுங்கள், முழங்கால் மடங்கியபடி. அவன் கை எட்டும் தூரம் எவ்வளவு, கண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மெர்க்குரியில் ஒவ்வொருவரின் முதுகுக்கும் அச்சு எடுத்துத் தனித்தனி இருக்கை செய்தார்கள். அந்தக் கலத்தில் ஏறுவதில்லை, அதைப் போட்டுக்கொள்கிறோம் என்று அவர்களே வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆளைச் சுற்றிச் சுவரை வரையுங்கள். பிறகு சி பொத்தானை அழுத்தி உள்ளே போய், வெளிக் கேமராவைத் தொடாமல், தானியங்கியை அணைத்துவிட்டு ஒரு முறை தரையிறக்கிப் பாருங்கள். எடை 450 ஆனால் ஆகட்டும். யாரும் பதக்கம் தரப்போவதில்லை, 410க்கும் தரப்போவதில்லை.

கோபமாக எழுதிவிட்டதாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் ஆண்டில் இதை உட்கார்ந்து வரையும் பையன்கள் குறைவு. அதனால்தான் இவ்வளவு எழுதினேன். நாளைக்கு நீங்கள் வரையப்போவது கிரேன் கேபினாகவும் இருக்கலாம்.

பாராசூட்டைக் கேட்டிருந்தீர்கள். இரண்டு வையுங்கள். மெர்க்குரியிலும் பிரதானத்தோடு மாற்று ஒன்று இருந்தது.