அமெரிக்க அதிபர் பதவியில் இருந்துகொண்டே சொந்தத் தொழில் நடத்தலாமா? சட்டம் அவரை ஒன்றும் செய்யாதா? பதவி முடிந்தபின்பாவது பிடிக்கலாமே?

ஒரு மைசூர்பாகு டப்பாவிலிருந்து தொடங்குகிறேன். கேள்விக்கு அது தானாக வந்து சேரும்.

டிரம்ப் முதல் முறை அதிபராக இருந்த ஆண்டுகளில் வாஷிங்டனில் ஓர் அரசுத் துறைக்கு, ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் வழியாக மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கு மறுநாள், எங்கள் வேலையை மேற்பார்த்த அரசு அதிகாரியிடம் ஒரு டப்பா இனிப்பை நீட்டினேன். ஐம்பது வயதுப் பெண்மணி, மிக நல்ல மனிதர். மூடியைத் திறப்பதற்கு முன்பே, "இது என்ன விலை?" என்று கேட்டார். நம் ஊரில் பலகாரத் தட்டை நீட்டியவரிடம் யாரும் விலை கேட்பதில்லை. கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. 26 டாலர் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. ஒப்பந்த நிறுவனத்தாரிடமிருந்து ஒரு தடவைக்கு 20 டாலருக்கு மேல் எதையும் வாங்கக் கூடாதாம். ஆண்டு முழுவதும் கூட்டினாலும் 50 டாலரைத் தாண்டக் கூடாதாம். "மேலே உள்ள ஆறு டாலரை நீங்கள் கொடுத்துவிடுங்களேன்" என்றேன். அதற்கும் விதியில் இடமில்லை: வித்தியாசத்தைக் கட்டி வாங்கிக்கொள்வதும் கூடாது. கடைசியில் துறையின் நன்னடத்தை அலுவலருக்குப் போன் போட்டு, கெட்டுப்போகும் பண்டம் என்பதால் பொது மேசையில் வைத்து எல்லோரும் உண்ணலாம் என்று அனுமதி வாங்கினார். காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்த டப்பா மதியத்துக்குள் காலி. அவர் எடுத்தது ஒரே ஒரு துண்டு.

அன்று மாலை ஃபெடரல் டிரையாங்கிள் மெட்ரோ நிலையத்துக்கு நடந்தேன். நிலையத்தை ஒட்டி, பென்சில்வேனியா அவென்யூவில் பழைய தபால் தலைமையகம் நிற்கிறது. மணிக்கூண்டு வைத்த கருங்கல் கட்டடம். வெள்ளை மாளிகைக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடுவழி. பக்கத்துக் கட்டடம் வருமான வரித் துறைத் தலைமையகம். தபால் கட்டடத்தின் சொந்தக்காரர் அமெரிக்க அரசு. 2013 இல் அதை 60 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து, 2016 இல் சொகுசு ஹோட்டலாகத் திறந்தது டிரம்பின் நிறுவனம். அரசின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி எவருக்கும் இந்தக் குத்தகையில் பங்கோ அதன் பயனோ சேரக் கூடாது என்று குத்தகைப் பத்திரத்திலேயே ஒரு பிரிவு இருந்தது. 2017 ஜனவரி 20 அன்று குத்தகைக்காரர் அதிபரானார். வீட்டுச் சொந்தக்காரராகிய அரசுச் சொத்து நிர்வாகத் துறையின் தலைவரை நியமிப்பவரும் அவரே. அதாவது வாடகைக்கு இருப்பவரே வீட்டுக்காரருக்கு மேலதிகாரி. அந்தத் துறை அந்த மார்ச் மாதமே, விதிமீறல் ஏதும் இல்லை என்று எழுதிக் கொடுத்தது. அதிபராக இருக்கும் வரை ஹோட்டல் லாபம் அவர் கைக்குப் போகாது என்று நிறுவனம் தன் ஒப்பந்தத்தைத் திருத்திக்கொண்டது போதுமாம். 2019 ஜனவரியில் அதே துறையின் தணிக்கைத் தலைவர், அரசமைப்புச் சட்டக் கேள்வி எழுவது தெரிந்தும் அதைத் துறை தொடாமல் ஒதுக்கிவிட்டது என்று அறிக்கை கொடுத்தார். அறிக்கை வந்தது, அவ்வளவுதான்.

இப்போது கேள்விக்கு. பதவியையும் சொந்தப் பையையும் ஒரே கையில் வைத்திருக்கும் நிலையை நலன் முரண் என்கிறோம். அமெரிக்கக் குற்றவியல் சட்டத்தில் இதற்குத் தனிப் பிரிவு உண்டு, எண் 208. தனக்கோ மனைவிக்கோ கணவருக்கோ மைனர் பிள்ளைக்கோ பண ஆதாயம் உள்ள விஷயத்தில் அரசு ஊழியர் முடிவெடுத்தால் ஓராண்டு வரை சிறை. வேண்டுமென்றே செய்தால் ஐந்தாண்டு வரை. என் மேலதிகாரி பயந்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட சட்டங்களும் விதிகளும் இருந்தன. ஆனால் 208 அதிபருக்கும் துணை அதிபருக்கும் பொருந்தாது. 1974 இல் பெரும் கோடீஸ்வரரான நெல்சன் ராக்ஃபெல்லர் துணை அதிபராக நியமிக்கப்பட்டபோது இந்தச் சந்தேகம் எழுந்தது. பொருந்தாது என்று நீதித் துறை கடிதம் எழுதியது. 1989 இல் நாடாளுமன்றம் அதையே சட்டத்தில் எழுதிவைத்தது. ஆகவே 2016 நவம்பரில், அதிபருக்கு நலன் முரண் என்ற ஒன்றே இருக்க முடியாது என்று டிரம்ப் பத்திரிகையாளர்களிடம் சொன்னபோது, 208 ஆம் பிரிவை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. ஊரே சிரித்தது. வழக்கறிஞர்கள் சிரிக்கவில்லை.

இந்த விலக்குக்கு ஒரு நியாயமும் உண்டு. ஓர் அமைச்சருக்கு எண்ணெய் நிறுவனத்தில் பங்கு இருந்தால் அந்தக் கோப்பிலிருந்து அவர் ஒதுங்கிக்கொள்ளலாம், இன்னொருவர் கையெழுத்திடுவார். அதிபர் ஒதுங்கினால் யார் கையெழுத்திடுவது? வரி, வட்டி, போர் என எல்லாமே எல்லோருடைய சொத்தையும் தொடுகின்றன. ஒதுங்கச் சொன்னால் அவரால் எந்த வேலையும் பார்க்க முடியாது. அதனால் சட்டம் விட்ட இடத்தை வழக்கம் நிரப்பும் என்று நம்பினார்கள். நாற்பது ஆண்டுகள் நிரப்பவும் செய்தது. ஜிம்மி கார்ட்டர் ஜார்ஜியாவில் பிளெய்ன்ஸ் என்ற சிற்றூரில் நிலக்கடலைக் கிடங்கு வைத்திருந்தவர். பதவியேற்கும்போது அதை ஓர் அறங்காவலரிடம் ஒப்படைத்தார். அப்படியும் விடவில்லை, கிடங்குக்கு வாங்கிய வங்கிக் கடன் தேர்தல் செலவுக்குப் போனதா என்று 1979 இல் தனி வழக்கறிஞர் ஒருவரைப் போட்டுத் துருவினார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று தெரிந்தது. 1981 இல் ஊர் திரும்பியபோது கிடங்கின் தலையில் ஏறத்தாழ பத்து லட்சம் டாலர் கடன், விற்றுத்தான் மீண்டார். ஒபாமா தன் பணத்தைப் பெரும்பாலும் அரசுப் பத்திரங்களிலும் பங்குச் சந்தைக் குறியீட்டு நிதிகளிலும் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். இவர்களை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை.

டிரம்ப் 2017 ஜனவரியில் கோப்புக் கட்டுகளை மேசையில் அடுக்கிவைத்துக்கொண்டு செய்தியாளர்களைச் சந்தித்தார். தொழிலை மகன்கள் பார்த்துக்கொள்வார்கள், ஹோட்டலில் வெளிநாட்டு அரசுகள் தரும் பணத்தின் லாபத்தை அரசுக் கருவூலத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்று அறிவித்தார்கள். 2017 ஆம் ஆண்டுக்கு அப்படிக் கொடுத்தது 1,51,470 டாலர். சொத்துகள் ஓர் அறக்கட்டளைக்குப் போயின. அது எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறக்கூடிய அறக்கட்டளை, பயனாளியும் அவரே.

ஆனால் 208 தொடாத அதிபரை அரசமைப்புச் சட்டம் தொடுகிறது. அதில் "எமாலுமென்ட்" என்று ஒரு பழஞ்சொல் வருகிறது. அரசுப் பதவியில் இருப்பவர் நாடாளுமன்றத்தின் சம்மதமின்றி எந்த அயல்நாட்டு மன்னரிடமிருந்தும் அரசிடமிருந்தும் பரிசோ, எமாலுமென்டோ, பதவியோ, பட்டமோ ஏற்கக் கூடாது. இன்னொரு பிரிவு அதிபருக்கு மட்டும்: சம்பளத்துக்கு மேல் (இப்போது ஆண்டுக்கு 4,00,000 டாலர்) மத்திய அரசிடமிருந்தோ மாநிலங்களிடமிருந்தோ வேறு எமாலுமென்ட் பெறக் கூடாது. லத்தீனில் இச்சொல்லின் வேர் மாவு அரைப்பதிலிருந்து வந்தது என்பார்கள். மில்காரனுக்குக் கொடுக்கும் அரைப்புக் கூலி. மாவு மில்லில் நின்றவர்களுக்குத் தெரியும், கூலி போக இயந்திரத்தின் வாயில் ஒட்டிக்கொள்ளும் மாவும் மில்காரனுக்குத்தான். அந்த ஒட்டுமாவைப் பற்றித்தான் இத்தனை வழக்கும்.

இந்தப் பிரிவின் கதையில் ஒரு வேடிக்கை. பெஞ்சமின் பிராங்க்ளின் பிரான்சில் தூதராக இருந்து 1785 இல் விடைபெற்றபோது, பதினாறாம் லூயி மன்னர் தன் சிறு உருவப்படத்தைச் சுற்றி நானூறுக்கும் மேற்பட்ட வைரங்கள் பதித்த ஒரு பெட்டகத்தைக் கொடுத்தார். அரசமைப்புச் சட்டத்துக்கு முன்பிருந்த பழைய கூட்டமைப்பு விதிகளிலேயே பரிசுத் தடை இருந்தது. பிராங்க்ளின் அவையிடம் சொல்லி அனுமதி வாங்கி வைத்துக்கொண்டார். புதிய அரசமைப்புச் சட்டம் விவாதத்துக்கு வந்தபோது வர்ஜீனியாவில் அந்த மாநில ஆளுநர் எட்மண்ட் ராண்டால்ஃப் இந்தப் பெட்டக விவகாரத்தைத்தான் எடுத்துச் சொன்னார். அந்தப் பிராங்க்ளினின் சிலை எங்கே நிற்கிறது தெரியுமா? பழைய தபால் கட்டடத்தின் முன்னால். அன்றைய டிரம்ப் ஹோட்டல் வாசலில்! நான் பல மாலைகள் அந்தச் சிலையைக் கடந்து போயிருக்கிறேன். உள்ளே போகும் விருந்தினர் எவரும் அதை நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை.

பழைய அதிபர்கள் இதில் கறாராகவே இருந்தார்கள். சயாம் மன்னர் அனுப்பிய வாளையும் தந்தங்களையும் லிங்கன் 1862 இல் நாடாளுமன்றத்திடம் தெரிவித்து அரசிடம் ஒப்படைத்தார். மன்னர் யானைகளும் தருவதாகச் சொல்லியிருந்தார். அதை லிங்கன் மறுத்ததற்குச் சொன்ன காரணம் வேறு: யானை பெருகும் தட்பவெப்பம் எங்கள் நாட்டில் இல்லை.

சரி, சவூதி அரேபிய அரசோ சீன அரசு வங்கியோ டிரம்பின் கட்டடத்தில் வாடகை கட்டினால் அது எமாலுமென்டா? அதிபர் தரப்பு சொன்னது: சந்தை விலைக்கு அறையை விற்பது வியாபாரம், பரிசல்ல, பதவிக்காகத் தரும் கூலியும் அல்ல. எதிர்த்தரப்பு சொன்னது: எந்த வகையான லாபமும் ஆதாயமும் எமாலுமென்டே. 2018 இல் மேரிலாந்து மாவட்ட நீதிபதி பீட்டர் மெசிட்டி இரண்டாவது பொருளையே ஏற்றார். எமாலுமென்ட் என்ற சொல்லுக்கு ஒரு நீதிமன்றம் விரிவாகப் பொருள் சொன்னது அதுவே முதல் முறை.

அதற்கு மேல் வழக்கு பொருளைப் பற்றியதாக இல்லாமல் போனது. "வழக்குப் போட நீ யார்?" என்பதிலேயே காலம் போய்விட்டது. அமெரிக்க நீதிமன்றத்தில் ஏறுகிறவருக்குத் தனிப்பட்ட பாதிப்பு இருக்க வேண்டும். பொதுநல வழக்கு என்று நாம் எளிதாகத் தாக்கல் செய்வது அங்கே செல்லாது. பதவியேற்ற மூன்றாம் நாளே நியூயார்க்கில் ஒரு கண்காணிப்பு அமைப்பு வழக்குப் போட்டது. போட்டி ஹோட்டல், உணவகக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். 2017 டிசம்பரில் தள்ளுபடி. 2019 இல் மேல்முறையீட்டில் உயிர்த்தது. மேரிலாந்தும் தலைநகர் வாஷிங்டனும் போட்ட வழக்கு ஒரு தடவை செத்து, 2020 மே மாதம் முழு அமர்வில் பிழைத்தது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருநூறுக்கும் மேற்பட்டோர் சேர்ந்து போட்டதை, சபையாகத் தீர்மானம் போட்டு வாருங்கள், தனி ஆட்களாக வராதீர்கள் என்று அனுப்பிவிட்டார்கள். 2021 ஜனவரி 20 இல் டிரம்பின் பதவிக்காலம் முடிந்தது. ஐந்தே நாளில், ஜனவரி 25 இல், மிச்சமிருந்த இரு வழக்குகளையும் காலாவதி என்று உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. கூடவே, மேல்முறையீட்டில் வழக்கை உயிர்ப்பித்த தீர்ப்புகளையும் நீக்கியது.

அந்த நான்கு ஆண்டுகளில் டிரம்பின் நான்கு சொத்துகளில் மட்டும் 20 நாட்டு அரசுகள் குறைந்தது 78 லட்சம் டாலர் செலவிட்டன என்று பிரதிநிதிகள் சபையின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் 2024 ஜனவரியில் கணக்குக் காட்டினார்கள். தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று நாம் கேட்போம். அங்கே நக்கினாரா இல்லையா என்ற விசாரணைக்கே வழக்கு போய்ச் சேரவில்லை.

"குற்ற வழக்கு?" என்று கேட்கிறீர்கள். பதவியில் இருக்கும் அதிபர் மீது குற்றப்பத்திரிகை கூடாது என்பது 1973 இலும் 2000 இலும் நீதித் துறை தனக்குத் தானே எழுதிக்கொண்ட கருத்து. சட்டமும் அல்ல, தீர்ப்பும் அல்ல. ஆனாலும் மத்திய வழக்கறிஞர்கள் யாரும் மீறுவதில்லை. சிவில் வழக்கில் நிலைமை வேறு. அலுவல் செயலுக்கு நஷ்டஈடு கேட்க முடியாது (நிக்சன் வழக்கு, 1982). பதவிக்குத் தொடர்பில்லாததற்குப் பதவியில் இருக்கும்போதே கேட்கலாம் (கிளிண்டன் வழக்கு, 1997).

பெரிய மாற்றம் 2024 ஜூலை 1 இல் உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தது. அரசமைப்புச் சட்டம் தனியாக அதிபரிடம் கொடுத்த அதிகாரங்களை, உதாரணமாக மன்னிப்பு வழங்குவதை, அவர் எப்படிப் பயன்படுத்தினாலும் குற்ற வழக்கு இல்லை. மற்ற அலுவல் செயல்களுக்கும் விலக்கு உண்டென்றே முதலில் கொள்ள வேண்டும். சொந்தச் செயல்களுக்கு மட்டும் விலக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. எல்லோரும் இந்தப் பிரிவினையைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது உள்ளே இருந்த ஒரு வரி: ஒரு செயல் அலுவல் சார்ந்ததா, சொந்தமா என்று பிரிக்கும்போது அதிபரின் நோக்கத்தை நீதிமன்றங்கள் ஆராயக் கூடாது. நலன் முரண் என்பதே நோக்கத்தைப் பற்றிய சந்தேகம்தானே? கையெழுத்து செல்லும், கோப்பு சரி, அதிகாரம் உண்டு; கேள்வி, யாருக்காகக் கையெழுத்திட்டார் என்பதுதான். அந்தக் கேள்வியைக் கேட்காதே என்றபின் விசாரிக்க என்ன மிச்சம்? லஞ்ச வழக்குக்குக் கதவு அடைபடவில்லை என்று பெரும்பான்மைத் தீர்ப்பு அடிக்குறிப்பில் சொல்கிறது. ஆனால் அலுவல் செயலைப் பற்றிய அந்தரங்க ஆவணங்களையும் உதவியாளர் சாட்சியத்தையும் காட்டக் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அவற்றைக் காட்டாமல் லஞ்சத்தை எப்படி நிரூபிப்பது என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. பெரும்பான்மையோடு சேர்ந்த நீதிபதி பேரட்டே இந்தப் பகுதியில் உடன்படவில்லை.

இரண்டாம் முறை பதவியேற்பதற்கு மூன்று நாள் முன்பு, 2025 ஜனவரி 17 இல், டிரம்பின் பெயரில் ஒரு மீம் நாணயம் (இணைய வேடிக்கைபோல் விற்கும் கிரிப்டோ நாணயம்) வெளிவந்தது. அதை அதிகம் வைத்திருந்த 220 பேருக்கு மே 22 இல் வாஷிங்டன் அருகே அவருடைய கோல்ஃப் கிளப்பில் விருந்து, அவரும் வந்தார். அவருடைய தொழில் பிள்ளைகள் நடத்தும் அறக்கட்டளையில் இருக்கிறது, முரண் ஏதும் இல்லை என்பது வெள்ளை மாளிகையின் பதில். ஹோட்டல் என்றால் யார் தங்கினார்கள் என்று பதிவேடாவது இருக்கும். நாணயத்தை வாங்கியவர் யாரென்பது பல நேரங்களில் ஓர் எண் மட்டுமே.

நாடாளுமன்றத்திடம் பதவி நீக்க வழி இருக்கிறது. செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 1868 முதல் நான்கு விசாரணைகள் நடந்தும் ஒரு அதிபரும் நீக்கப்படவில்லை.

பதவி முடிந்தபின் பிடிக்கலாமே என்று கேள்வியின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். சொந்தச் செயல் என்று நிரூபித்தால் பிடிக்கலாம். ஆனால் பெரும்பாலான மத்தியக் குற்றங்களுக்கு வழக்குத் தொடுக்கும் காலவரம்பு ஐந்தாண்டு. முதல் ஆண்டில் செய்த தவறுக்கு, நான்காண்டுப் பதவி முடிந்தபின் கிடைப்பது ஓராண்டிலிருந்து இரண்டாண்டு வரைதான். அடுத்தடுத்து இருமுறை அதிபராக இருந்தவர் என்றால், பதவியில் இருக்கும் ஆண்டுகளில் அந்தக் கடிகாரம் நிற்குமா, ஓடுமா என்பதை எந்தச் சட்டமும் தெளிவாகச் சொல்லவில்லை.