கீழ் பெர்த் கொடுத்த அமைச்சர்

கேள்வி: போன மாதத் தலையங்கத்தில் நீங்கள் கடுமையாகச் சாடிய முன்னாள் அமைச்சரை, அவர் பதவியில் இருந்தபோது பாண்டியன் எக்ஸ்பிரஸில் தற்செயலாகச் சந்தித்தேன். முழங்கால் வலியோடு நின்ற என் அம்மாவைப் பார்த்ததும், “நீங்க கீழ படுங்கம்மா” என்று தன் பெர்த்தைக் கொடுத்துவிட்டு மேலே ஏறிக்கொண்டார். பேச்சுவாக்கில், என் மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டத்தில் தனியாகக் கஷ்டப்படுகிறாள் என்றேன். மனு கொடுக்கச் சொன்னார். ஒரே மாதத்தில் எங்கள் ஊர்ப் பக்கமே மாறுதல் வந்துவிட்டது. ஐந்து பைசா வாங்கவில்லை. உத்தரவு நகலை இணைத்திருக்கிறேன். நேரில் பழகிப் பார்க்காமல் ஒருவரைப் பற்றி இப்படி எழுதலாமா? வேண்டுமானால் நானே சந்திப்புக்கு ஏற்பாடு செய்கிறேன்.
(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது), திருமங்கலம்

பதில்: அம்மாவுக்குப் பெர்த் கொடுத்ததை மனதாரப் பாராட்டுகிறேன். அதை நடிப்பு என்று சொல்ல மாட்டேன். ராத்திரி ரயிலில் கேமராவும் இல்லை, கட்சிக்காரர்களும் இல்லை. வயதான ஒருவரின் வலியைப் பார்த்து எழுந்திருக்கிறார். அந்த நன்றி உங்களுக்கு இருக்கத்தான் வேண்டும். ஆனால் என் தலையங்கத்தில் அவருடைய குணத்தைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. அவர் துறையில் விடப்பட்ட டெண்டர்களைப் பற்றி எழுதினேன். அதற்குப் பழக்கம் தேவையில்லை, கோப்புகள் போதும். அதில் சொன்ன விவரங்களில் ஒன்றையாவது தவறு என்று உங்கள் கடிதம் மறுக்கவில்லை என்பதையும் கவனித்தேன்.

சரி, மாறுதலுக்கு வருகிறேன். நீங்கள் இணைத்த நகலில் ‘நிர்வாக நலன் கருதி’ என்று தெளிவாக அச்சாகியிருக்கிறது. ஆசிரியர்களுக்குப் பொது மாறுதல் கலந்தாய்வு என்று ஒன்று இருக்கிறது. காலியிடங்களைப் பட்டியல் போட்டு, மாற்றுத்திறனாளிகள், கணவரை இழந்தவர்கள் போன்றவர்களுக்கு முன்னுரிமை கொடுத்து, வரிசைப்படி அழைப்பார்கள். ‘நிர்வாக நலன்’ என்று போட்டிருந்தால், உங்கள் மனைவி அந்த வழியாக வரவில்லை என்று அர்த்தம். அவருக்குக் கிடைத்த இடம் கலந்தாய்வுக்குப் போயிருந்தால் வேறு யாருக்குக் கிடைத்திருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? உங்கள் மனைவியைவிட நாலைந்து வருஷம் மூத்த ஒரு ஆசிரியை, கைக்குழந்தையோடு, அந்தப் பள்ளிக்காகவே காத்திருந்திருக்கலாம். கலந்தாய்வு நாளில் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்திருப்பார். அந்தப் பள்ளியின் பெயரே அதில் இருந்திருக்காது. ஏன் இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். உங்கள் அமைச்சர் வந்த ரயிலில் அவர் ஏறவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் பட்ட கஷ்டம் பொய் என்று சொல்லவில்லை. குடும்பம் இரண்டாகப் பிரிந்து கிடப்பது கொடுமை. அதைக் கேட்டு மனம் இளகிய அமைச்சர், மறுநாள் கல்வித் துறையைக் கூப்பிட்டு, ‘இப்படி எத்தனை குடும்பங்கள் பிரிந்து கிடக்கின்றன, விதியில் என்ன திருத்தலாம்’ என்று கேட்டிருந்தால், நானே அவருக்காகத் தலையங்கம் எழுதியிருப்பேன். அவர் எழுதியது ஒரு பரிந்துரைக் கடிதம். காசு வாங்கவில்லை என்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் இன்று அவர் மீது ஒரு குற்றச்சாட்டு வந்தால், அது உண்மையா என்று பார்க்கக்கூட உங்களுக்கு மனம் வரவில்லையே. அந்த உத்தரவுக்கு நீங்கள் கொடுத்த விலை அதுதான்.

உங்கள் மதுரைப் பக்கத்திலேயே கக்கன் இருந்தார். அமைச்சராக இருந்தும் சொத்து சேர்க்காதவர். கடைசிக் காலத்தில் மதுரை அரசு மருத்துவமனையின் பொது வார்டில் கிடந்தார். வேறொருவரைப் பார்க்க வந்த முதல்வர் எம்.ஜி.ஆர்., விவரம் தெரிந்து ஓடிப் போய்ப் பார்த்தார். அந்தக் கக்கன்தான் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது மாநில உள்துறை அமைச்சர். துப்பாக்கிச் சூட்டில் பலர் செத்தார்கள். 1967 தேர்தலில் மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள். அவருடைய நேர்மையை நான் இன்றும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அதற்காக, 1965-க்குக் கணக்குக் கேட்ட மக்கள் செய்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியாது.

காமராஜரைப் பாருங்கள். நேரில் போய் மனு கொடுத்த பலருக்குக் கிடைத்தது ‘ஆகட்டும், பார்க்கலாம்’ என்ற இரண்டு வார்த்தைகள்தான். குழைந்து பேசத் தெரியாத மனிதர். ஆனால் 1954 முதல் 1963 வரை அவர் முதல்வராக இருந்த காலத்தில் கிராமம் கிராமமாகத் திறந்த பள்ளிகளிலும், அங்கே போட்ட மதிய உணவிலும் வளர்ந்த பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் அவரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவர்களுக்காக யாரும் சிபாரிசு பிடிக்கவும் இல்லை.

சந்திப்புக்கு ஏற்பாடு செய்கிறேன் என்கிறீர்கள். அவசியம் செய்யுங்கள், வருகிறேன். அந்த டெண்டர்களில் கடைசிவரை களத்தில் இருந்தவர்கள் ஏன் அதே மூன்று ஒப்பந்ததாரர்கள் என்று கேட்பேன். பதவியில் இருந்தபோது இப்படி எத்தனை மாறுதல்களுக்குப் பரிந்துரைத்தார் என்றும் கேட்பேன். என்ன பதில் சொன்னாலும், ஒரு வரி வெட்டாமல் இதே பக்கத்தில் வரும்.